குழந்தை மாதிரி

வீட்டுக்குள் வந்து சேர்ந்த எந்தப் பூனைக்குட்டியைப் பற்றியும் இரண்டாம் நாளே ஒரு வாக்கியம் பிறந்துவிடுகிறது: "குழந்தை மாதிரிங்க." மடியில் போட்டால் குழந்தை மாதிரி தூங்குகிறது, பசித்தால் குழந்தை மாதிரி அழுகிறது, கோபித்துக்கொண்டு குழந்தை மாதிரி கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சொல்வதில் பொய்யில்லை. ஒன்றரை மாதக் குட்டியின் குரலும் கைக்குழந்தையின் அழுகையும் நடுச்சாமத்தில் ஒரே நரம்பைத்தான் பிடித்து இழுக்கின்றன. அந்தக் குட்டிக்கு வயிற்றால் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதுவரை கொஞ்சலாக இருந்த வாக்கியம் அப்போது வைத்தியமாகிவிடுகிறது. குழந்தைக்கு என்ன செய்வோமோ அதையே செய்யக் கை நீளுகிறது. அதில் சில காரியங்கள் குட்டியைக் காப்பாற்றும். சில காரியங்கள் கொன்றுவிடும். எது எந்த வகை என்று பாசத்துக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுக்கு அது வந்தது ஐப்பசி மழையில். மாடிப்படிக்கு அடியில், உடைந்த கிரைண்டருக்குப் பின்னால் மூன்று குட்டி போட்டிருந்த பூனை, மழை வலுத்ததும் இரண்டைக் கவ்விக்கொண்டு எங்கோ போய்விட்டது. மூன்றாவதை எடுக்க வரவில்லை. எதிர்வீட்டு அக்கா சிரட்டையில் பால் ஊற்றி வைத்தார். அது குடித்த வேகத்தைப் பார்த்து இன்னொரு சிரட்டையும் ஊற்றினார். மறுநாள் என் மகள் பழைய துண்டில் சுருட்டி உள்ளே கொண்டுவந்தபோது, அதன் பின்னங்கால் ரோமமெல்லாம் ஒட்டிப் பிசுபிசுத்திருந்தது. வாலுக்கடியில் தோல் சிவந்து வெந்திருந்தது. "வயித்தால போகுதுடா அதுக்கு," என்றாள் அம்மா. அவள் அப்போது அடுக்களையில் இருந்தாள். வாசனையை வைத்தே சொன்னாள்.

பாலில் தொடங்குவோம். நம் ஊரில் பூனை என்றால் பால். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. தாய்மடியில் குடிக்கும் வரை குட்டியின் குடலில் பால்சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி சுரக்கிறது. பால்குடி மறக்கத் தொடங்கும்போது அதுவும் குறையத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு உள்ளே போகும் சர்க்கரை உடைபடாமல் பெருங்குடல் வரை இறங்கி, போகிற வழியில் தண்ணீரையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது; அங்கே குடியிருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்குகிறது. முதலில் வயிறு உப்பும், பிறகு தண்ணீராகக் கழியும். தாய்ப்பூனையின் பாலில் புரதம் பசும்பாலில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். அதனால் பசும்பாலையே குடிக்கிற குட்டிக்கு வயிறு நிறையுமே தவிர உடம்பு தேறாது. நம் கைக்குழந்தைக்கு இந்த நொதி தாராளமாக உண்டு. வளர்ந்தபின் குறைவது நமக்குத்தான். தென்னிந்தியப் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பால்சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை. ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் வயிறு கடமுடவென்று உருளக் கிடக்கும் என் போன்றவர்கள் தயிரோடும் மோரோடும் நிறுத்திக்கொள்வது இதனால்தான். ஆக இந்த விஷயத்தில் குட்டி குழந்தையைப் போல இல்லை, என்னைப் போல இருக்கிறது. எதிர்வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்ப பூனை பால் குடிக்காதுன்னு சொல்றீங்களா தம்பி?" என்று கேட்டார். குடிக்கும். ஆசை ஆசையாகக் குடிக்கும். அதுதான் தொல்லையே.

குட்டியின் கழிப்பிடத்துக்குப் பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை ஒதுக்கினோம். உள்ளே நிரப்ப, பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு வாங்கிய எம்-சாண்ட். ஆற்றுமணல் இப்போது விற்கிற விலைக்குப் பூனைக்குக் கட்டுப்படியாகாது. அம்மா அந்தத் தொட்டிக்கு முன்னால் ஓர் ஈர்க்குச்சியோடு குத்தவைத்து உட்கார்ந்தாள். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டாள். சாம்பல் நிற மணலில் விழுந்திருந்ததைக் குச்சியால் லேசாகப் பிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்க ஆரம்பித்தாள். "எத்தன தடவ போச்சு? போறப்ப முக்குச்சா, இல்ல தானா ஒழுகுச்சா? சீதம் இருக்கா? ரத்தம் இருந்தா செவப்பா இருந்துச்சா, கருப்பாவா? மூத்திரம் போச்சா?" கடைசிக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதிலும் இல்லை. மகளிடம் கொஞ்சம் இருந்தது.

அம்மா நாலு பிள்ளை பெற்றவள். தெருவில் யார் வீட்டுக் குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றாலும், டாக்டரிடம் போவதற்கு முன்னால் பீத்துணியை எடுத்துவந்து அவளிடம் விரித்துக் காட்டுவார்கள். சிறுவயதில் இதைத் தினசரிக் காட்சியாகப் பார்த்திருக்கிறேன். பச்சையாகப் போவது வேறு, நுரைத்துப் போவது வேறு, திரிதிரியாகப் போவது வேறு. செரியாமாந்தமா, பல் முளைக்கிற நேரத்துப் பேதியா, தாய்க்காரி தின்ற பலாப்பழத்தின் வினையா என்று வகைபிரித்துச் சொல்வாள். அவள் சொன்ன காரணங்களில் பாதி தவறாக இருந்திருக்கும். பார்த்ததில் தவறு இருந்ததில்லை. மறுநாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு போன மாட்டாஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா ஒருவர் கேட்ட கேள்விகளும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் வந்தன. முக்கி முக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, சீதத்தோடு பலமுறை போனால் கோளாறு பெருங்குடலில். முக்கல் இல்லாமல் நிறையத் தண்ணீராகப் போனால் சிறுகுடலில். ரத்தம் கருத்திருந்தால் மேலே எங்கோ கசிந்து, செரிமானமாகி இறங்கியிருக்கிறது; சிவந்திருந்தால் கசிவு கீழே, வாசலுக்குப் பக்கத்தில். மூத்திரம் போவது குறைந்தால் உடம்பில் தண்ணீர் தீர்ந்துகொண்டு வருகிறது. இதைக் கற்றுக்கொள்ள டாக்டரம்மாவுக்கு ஐந்தரை வருஷப் படிப்பு. அம்மா பீத்துணியில் படித்தாள்.

எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் இந்தப் படிப்பில் சேரவில்லை. அப்பா எங்களைத் தூக்கிக் கொஞ்சுவார், மீசையால் குத்துவார். துணி நனைந்த அடுத்த நொடி "இந்தா, பிடி" என்று கை மாற்றிவிடுவார். பூனையை எழுதிய எழுத்தாளர்களும் பெரும்பாலும் அப்பாவின் கட்சிதான். கண்ணை எழுதினார்கள், நடையை எழுதினார்கள், சத்தமில்லாத பாதத்தை எழுதினார்கள். குட்டிகளின் நிறத்தை வைத்துப் பாரதி சமத்துவமே சொல்லிக் கொடுத்தார். நனைந்த பின்பக்கத்தைக் கையில் வாங்கியவர் யாரும் என் கண்ணில் பட்டதில்லை. வீட்டில் ஓர் உயிர் நோயில் கிடக்கும்போது அதைப் பற்றி உண்மையான செய்தி வருகிற ஒரே வாசல் அதுதான் என்பது அருவருப்பு போனபிறகுதான் தெரிகிறது. அருவருப்பு எப்போது போகிறது என்று கேட்டால், அடுத்தமுறை என்ன நிறத்தில் இருக்கும் என்ற ஆவல் வந்தபிறகு.

டாக்டரம்மா ஒரு பொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உருண்டைப் புழுவின் முட்டைகள் இருந்தன. "இது தாய்கிட்ட இருந்தே வந்திருக்கும் சார்," என்றார். பெரிய பூனையின் தசைகளுக்குள் உறங்கிக்கிடக்கும் புழுவின் இளம்பருவங்கள், அது குட்டிபோட்டுப் பால் சுரக்கிற சமயம் பார்த்து விழித்துக்கொண்டு பாலில் இறங்கிவிடுமாம். தாய்ப்பாலைப் பற்றி நாம் கட்டிவைத்திருக்கும் காவியங்களுக்குள் இந்தத் தகவலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எடைக்கு ஏற்ற அளவில் புழு மருந்து கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து இன்னொருமுறை கொடுக்க வேண்டும் என்றார். அன்று இரவே மணலில் வெந்த சேமியா மாதிரி நாலைந்து கிடந்தன. மகள் அதற்குப் பிறகு பாயசத்தைத் தொடுவதில்லை.

புழு தவிர வேறு காரணங்களும் உண்டு. திடீரென்று மாறிய தீனி, ஜியார்டியா, காக்சிடியா போன்ற ஒற்றைச்செல் உயிரிகள், கெட்டுப்போன மீன்தலை. இவையெல்லாம் மருந்துக்குக் கட்டுப்படுகிறவை. பயப்பட வேண்டியது பூனைகளுக்கு வரும் பார்வோ வகை வைரஸுக்கு. அது குடலின் உள்சுவரையும் எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளை அணுக்களையும் சேர்த்தே அழிக்கிறது. தடுப்பூசி போடாத குட்டிகளில் பலவற்றைக் கொண்டுபோய்விடுகிறது. வாந்தி இருக்கிறதா, தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று டாக்டரம்மா இரண்டுமுறை கேட்டார். இல்லை. தீனியைப் பார்த்ததும் எழுந்து வருகிறதா? வருகிறது. "அப்ப வீட்லயே பார்த்துக்கலாம்," என்றார்.

வீட்டில் பார்த்துக்கொள்வது என்றால் முதலில் தண்ணீர்க் கணக்கு. குட்டியின் எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அந்த உடம்பில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் போய்விட்டால் உயிர் ஊசலாடும். அந்தப் பத்தில் ஒரு பங்கு என்பது டீக்கடைக் கிளாஸில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பிடரித் தோலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி விட்டுப் பார்க்க வேண்டும். சட்டென்று இறங்கிவிட்டால் நல்லது. கூடாரமாக நின்று மெல்ல இறங்கினால் தண்ணீர் வற்றியிருக்கிறது. ஈறைத் தொட்டால் வழுவழுவென்று ஈரமாக இருக்க வேண்டும். விரலில் ஒட்டக் கூடாது. பூனை தானாகவே தண்ணீரைத் தேடிக் குடிக்கிற பிராணியும் இல்லை. மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை அதன் மூதாதை. இரையின் உடம்பில் இருக்கிற ஈரத்திலேயே காலம் தள்ளிப் பழகிய வம்சம். தாகம் என்ற உணர்ச்சியே அதற்குக் கொஞ்சம் மந்தம்.

இங்கேதான் "குழந்தை மாதிரி" உண்மையாகவே கைகொடுக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1971இல் வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகளுக்காக மேற்கு வங்கத்தின் பன்காவ்ன் என்ற ஊரில் அமைத்த முகாமில் காலரா புகுந்தது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனபிஸ் என்ற மருத்துவர் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து, பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே குவளையைக் கொடுத்துவிட்டார். நூற்றுக்கு முப்பது வரை போய்க்கொண்டிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. குடலின் சுவரில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் மட்டும் திறக்கிற ஒரு வாசல் உண்டு. பேதியில் மற்றதெல்லாம் சீர்கெட்டாலும் அந்த வாசல் பெரும்பாலும் கெடுவதில்லை. இரண்டும் உள்ளே போகும்போது பின்னாலேயே தண்ணீரும் போகிறது. 1960இல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் சொன்ன விஷயம் இது. இந்த வாசல் பன்காவ்ன் முகாமின் குழந்தைக்கு இருந்ததைப் போலவே எங்கள் படிக்கட்டுக் குட்டிக்கும் இருந்தது. மகலனபிஸ் 2022இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்மவிபூஷண் அறிவித்தார்கள். அவர் செய்தவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது குவளையை வீட்டார் கையில் கொடுத்தது. பேதிக்கு வைத்தியம் பார்ப்பது அன்றோடு மறுபடியும் அம்மாக்களின் வேலையாகிவிட்டது.

ஆனால் அதே இடத்தில் வேறொரு வித்தியாசம் முளைக்கிறது. குழந்தை அந்தத் தண்ணீரைக் குடிப்பதற்கு அதிலிருக்கிற லேசான இனிப்பும் ஒரு காரணம். பூனைக்கு இனிப்பு தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பி உருவாகத் தேவையான மரபணுக்களில் ஒன்று பூனைக் குலத்தில் செத்துப்போய்விட்டதென்று 2005இல் கண்டுபிடித்தார்கள். அதனால் அதற்கு இது வெறும் உப்புத்தண்ணீர். முகத்தைத் திருப்பிக்கொள்ளும், தலையை உதறும், பின்னங்காலால் உதைக்கும். ஊசி கழற்றின சிரிஞ்சில் அரை மில்லி எடுத்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள சந்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அம்மா அதை மடியில் மல்லாக்கப் போட்டு, பாலாடையில் புகட்டுகிற வாகில் தலையைச் சாய்த்தாள். நாலு பிள்ளைக்கும் ஏழு பேரன் பேத்திக்கும் அப்படித்தான் புகட்டினாள். குட்டியை அப்படிப் போட்டால் தண்ணீர் நேராக மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். புரையேறி, நுரையீரலில் சளி கட்டி, பேதியில் பிழைத்தது நிமோனியாவில் போகும். அது தாயிடம் குடிப்பதும் குப்புறக் கிடந்துதான். டாக்டரம்மா காட்டியபடி நாலு காலும் தரையில் ஊன்ற, தலை நிமிராமல், துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டோம். "என்னடா இது, ஆட்டுக்குட்டிக்குக் குடுக்கற மாதிரி," என்று அம்மாவுக்குக் குறை.

துண்டுக்குள் அது போட்ட சண்டையைப் பார்த்தபோது ஸ்ரீவைஷ்ணவர்களின் பழைய வழக்கு நினைவுக்கு வந்தது. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. உயிரும் கடவுளை அப்படிப் பற்ற வேண்டும் என்பது வடகலையார் சார்பு. பூனைக்குட்டி ஒன்றுமே செய்வதில்லை. தாய் கவ்விப் போகிற இடத்துக்குப் போகிறது. உயிரும் அப்படிச் சும்மா கிடந்தால் போதும் என்பது தென்கலையார் சார்பு. வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாச்சாரியாரும் நின்ற இரண்டு கரைகள். பிடரியைக் கவ்வியதும் குட்டி காலை மடக்கித் துவண்டுவிடுவது உண்மைதான். யாரோ நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அந்த உவமையைச் சொல்லியிருக்கிறார்கள். நோயில் கிடக்கும் குட்டியை அவர்கள் பார்த்தார்களா என்று தெரியவில்லை. டாக்டரம்மா சொன்னது இது: "கடிக்கிற வரைக்கும் பயமில்ல சார். கடிக்காம, எல்லாத்துக்கும் சரின்னு வாயைத் திறந்து குடுத்துச்சுன்னா உடனே தூக்கிட்டு வந்துருங்க."

ஓர் இரவு அப்படிக் கொடுத்தது. சிரிஞ்சைக் கொண்டுபோனதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. விட்ட தண்ணீர் உள்ளே போகாமல் ஓரமாக வழிந்தது. காதுமடல் சில்லிட்டிருந்தது. பிடரித் தோல் தூக்கிய இடத்திலேயே நின்றது. டாக்டரம்மா போனில், முதலில் புகட்டுவதை நிறுத்தச் சொன்னார். குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது. சூடு வரும்முன் ஊட்டினால் அப்படியே தேங்கும். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். குளுக்கோஸ் பொடியைக் குழைத்து ஈறில் தடவினோம். விடிந்ததும் ஓடினோம். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் வெதுவெதுப்பான சலைனை ஏற்றினார். அரை எலுமிச்சை அளவு திமில் எழும்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல ஒரு பக்கத் தோளுக்குச் சரிந்து இறங்கியது. சாயங்காலம் மருந்து கொடுக்கப் போனபோது என் கட்டைவிரலைக் கடித்தது. வலித்தது. கட்டைவிரலை மனைவியிடம் காட்டச் சமையலறைக்கு ஓடினேன்.

அது தேறி வந்த நாட்களில் எதிர்வீட்டு அக்கா பார்க்க வந்து, வயிற்றைத் தொட்டுவிட்டு, "காய்ச்சல் அடிக்குதே, கொதிக்குது தம்பி," என்றார். பிள்ளைக்கு வைத்திருந்த பாராசிட்டமால் சொட்டு மருந்தும் அவர் கையில் இருந்தது. இதைக் கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான பூனையின் உடம்புச் சூடு 38இலிருந்து 39 டிகிரிக்குச் சற்று மேல் வரை. மனிதக் கை அதைத் தொட்டால் காய்ச்சல் என்றுதான் சொல்லும். நம் கை நம் உடம்பை வைத்து அளக்கிறது. பாராசிட்டமாலைச் செயலிழக்க வைத்து வெளியே அனுப்ப நம் கல்லீரலில் இருக்கிற முக்கியமான நொதி பூனையிடம் இல்லை. அதை உண்டாக்கும் மரபணு சிதைந்துபோய்விட்டது. செடிகளின் நஞ்சைத் தின்னாத, மாமிசம் மட்டுமே தின்ற வம்சத்துக்கு அது தேவைப்படாமல் போயிருக்கலாம் என்கிறார்கள். மருந்து நஞ்சாகி ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்கும். பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ரத்தம் பழுப்பாகும், ஈறு நிறம் மாறும், முகமும் பாதமும் வீங்கும். பெரியவர்கள் போடுகிற ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனைக்குப் போதும். நம் வீடுகளில் உப்புக்கு அடுத்தபடி எப்போதும் இருக்கிற பொருள் அது. தராசில் வைத்தால் அக்காவின் பிரியம் என்னுடையதைவிடக் கனமாக இருக்கும். அந்தச் சொட்டு மருந்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டபோது அவர் முகம் வாடிப்போனது.

பினாயிலும் அதே கணக்கு. பேதி நாற்றத்துக்குத் தரையில் பினாயில் ஊற்றிக் கழுவுகிறோம். அது காய்ந்த தரையில் நடந்த பாதத்தைக் குட்டி நக்குகிறது. அந்த வகை ரசாயனத்தை வெளியேற்றவும் அந்த இல்லாத நொதிதான் வேண்டும். பார்வோ வைரஸ் இருந்த வீடென்றால் பினாயிலால் பயனும் இல்லை. ஒரு வருஷம்கூடத் தரையில் தாக்குப்பிடிக்கும் கிருமி அது. ப்ளீச்சிங் கரைசலுக்குத்தான் அடங்கும். ப்ளீச் போட்டாலும் பிறகு நல்ல தண்ணீரில் அலசி, உலர்ந்த பின்னால்தான் குட்டியை விட வேண்டும்.

தீனி விஷயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் சரியான வாக்குவாதம். "லங்கணம் பரம ஔஷதம்டா, வயித்தைக் காயப்போடு, தானா நிக்கும்," என்பது அவள் கட்சி. பெரியவர்களுக்குச் சரி. அரைக் கிலோ உடம்பில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. ஒரு வேளை இரு வேளை தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். அந்த ராத்திரி சில்லிட்ட காதுக்குப் பாதிக் காரணம் அதுதான். அவள் அடுத்துச் சொன்னது குழைத்த தயிர்சாதம். நம் தெருப்பூனைகள் அதிலேயே காலம் தள்ளுவது உண்மை. எலியும் பல்லியும் பிடித்துத் தின்று மீதியைச் சமாளித்துக்கொள்வதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் பூனைக்கு வர வேண்டும். அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்துவிடும் என்று 1987இலேயே தெரிந்துவிட்டது. கடைசியில் கோழிக்கடையில் எலும்பில்லாத நெஞ்சுக்கறி கொஞ்சம் வாங்கி, உப்பு மஞ்சள் எதுவும் போடாமல் வேகவைத்து, நாராகப் பிய்த்து, வெந்த தண்ணீரோடே கொடுத்தோம். ஒரு நேரத்துக்கு ஒரு ஸ்பூன், நாளைக்கு ஐந்தாறு தடவை. "பூண்டு ரெண்டு பல்லாவது தட்டிப் போடேன், வாயுவுக்கு நல்லது," என்றாள். பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். "அப்ப இதுக்கு நாங் குடுக்கறதுக்கு என்னதாண்டா இருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. வசம்பு, ஓமத்தண்ணி, ஜாதிக்காய் உரசல் என்று அவள் அலமாரியில் இருந்த எதுவும் இந்த உடம்புக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றது. அதற்குப் பிறகு இரவில் எழுந்து வெந்நீர்ப் பாட்டிலை மாற்றுகிற வேலையைக் கேட்காமல் எடுத்துக்கொண்டாள்.

தேறுகிறதா என்பதைத் தராசுதான் சொல்ல வேண்டும். கண் பொய் சொல்லும்; விளையாடிக்கொண்டே இளைக்கிற குட்டிகள் உண்டு. தெருமுனை அண்ணாச்சி கடையில் எலெக்ட்ரானிக் தராசு. எவர்சில்வர் சம்படத்தை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, உள்ளே குட்டியை இறக்குவோம். "ஐந்நூத்தி முப்பது. நேத்தைக்குப் பத்துக் கிராம் கூட," என்று அண்ணாச்சி காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் குறித்துவைப்பார். நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏறினால் பிழைப்பு. கடையில் நிற்கிறவர்கள் கிலோ என்ன விலை என்று கேட்பார்கள். ஒருநாள் எடை குறைந்தபோது அண்ணாச்சி தராசை ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தார்.

இரண்டாம் தவணைப் புழு மருந்துக்குப் போன அன்று அம்மாவும் கிளம்பிவிட்டாள். நாலு ஆடு, கட்டுப்போட்ட காலோடு ஒரு கன்று, ஒயர்கூடையில் ஒரு சேவல் எல்லாம் முடிந்து எங்கள் முறை வந்தது. டாக்டரம்மா வயிற்றை விரலால் அமுக்கிப் பார்த்தார், வெப்பமானி வைத்தார், கெட்டியாகப் போகிறதா என்று கேட்டார். அம்மா நிறம், அளவு, நேரம் என்று ஒப்பித்தாள். டாக்டரம்மா தலையாட்டிக்கொண்டே எழுதினார். தடுப்பூசியை இன்னும் ஒரு வாரம் கழித்துத் தொடங்கலாம் என்றார். நான் குட்டியைக் கூடைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன்.

"தாயி, எனக்கும் ஒரு மாசமா சாப்ட்டா நெஞ்சு கரிக்குது. ஒரு மாத்திர எழுதிக் குடேன்."

"பாட்டி, நான் மனுஷங்களுக்கு எழுதக்கூடாது."

"ஆட்டுக்கு எழுதுற, மாட்டுக்கு எழுதுற, இந்தச் சேவலுக்குக்கூட எழுதுன. நா என்ன அதுகளவிடக் கஷ்டமா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். மனுஷ டாக்டரிடம் காட்டச் சொன்னார். காட்டியாயிற்று என்றாள் அம்மா. "அவரு எங்கத்தா கேக்குறாரு? நா ஒக்கார்றதுக்குள்ள எழுதிர்றாரு. நீ இந்தக் குட்டிக்கு அத்தன கேள்வி கேட்ட."

கதவுப் பக்கம் அடுத்த ஆடு கத்திக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "எழுத மாட்டேன் பாட்டி. கேக்குறேன், அதைப் போயி அவர்கிட்ட அப்படியே சொல்லுங்க. சாப்பிட்ட உடனே கரிக்குதா, படுத்த பிறகா?"

"ரெண்டும்," என்றாள் அம்மா, முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு.